தெரு நடனம் மேடை ஏறலாமா?

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிட்டால் பள்ளிகளில் ஒரு கேள்வி எழும். இந்த ஆண்டு மேடையில் என்ன ஆடுவது? பரதம், கும்மி என்றால் எல்லோருக்கும் சம்மதம். யாராவது பறை என்று சொல்லிவிட்டால் சிலர் முகம் சுருங்கிவிடுகிறது. "அது தெருவில் அடிப்பதாயிற்றே!" என்கிறார்கள். தெருவில் பிறந்தது ஒரு குற்றமா?

மேல்நாடுகளில் கிறிஸ்மஸ் காலத்தில் குடும்பத்தோடு சென்று பார்க்கும் பாலே நாட்டியம் ஒன்று உண்டு. 'நட்கிராக்கர்', அதாவது கொட்டை உடைக்கும் பொம்மை, என்பது அதன் பெயர். சைகோவ்ஸ்கியின் இசையில் 1892இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறியது. ஒரு சிறுமிக்குப் பரிசாக வந்த பொம்மை, எலிகளின் அரசனோடு போரிடும் கதை. கால்விரல் நுனியில் நின்று ஆடும் அந்த நாட்டியத்தை 2013இல் ஜெனிஃபர் வெபர் என்னும் பெண்மணி 'ஹிப் ஹாப்' நடனமாக அமைத்தார். இசை சைகோவ்ஸ்கியுடையதே, ஆடுபவர்களோ தலையை ஊன்றிச் சுழல்கிறார்கள்! 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழை இளைஞர்கள் தெருவில் ஆடி வளர்த்த கலை அது.

அவ்வளவு தூரம் போவானேன்? மதுரைக்குப் பக்கத்துத் திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990இல் சக்தி கலைக்குழுவைத் தொடங்கி, தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தார். சாவு வீட்டில் கட்டாய ஊழியமாக, பெரும்பாலும் ஆண்களே அடித்துவந்த பறை அது. இடக்கையில் சிண்டுக்குச்சி, வலக்கையில் அடிக்குச்சி, கால்களில் சலங்கை என்று அப்பெண்கள் நிமிர்ந்து ஆடியபோது, இழிவு என்று ஊர் சொன்னதே அவர்களுக்குப் பெருமையாயிற்று.

பரதத்தின் கதை மட்டும் என்ன? சதிர் என்ற பெயரில் அது பழிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1930களில்தான் மதிப்புப் பெறத் தொடங்கியது. திருச்சியில் 1977இல் அருட்தந்தை ஜார்ஜ் கலைக்காவிரியைத் தொடங்கியபின் விவிலியக் கதைகளும் அதில் ஆடப்பட்டன. இன்று பெற்றோர் கட்டணம் செலுத்தித் தம் பெண்களுக்குக் கற்பிக்கின்றனர்.

ஆயினும் ஒன்றை நான் ஏற்கமாட்டேன். ஒலிநாடாவில் பறையோசையை ஓடவிட்டு, அட்டையில் பறை செய்து ஆடிவிட்டுப் போவது! ஓசை வேண்டும், அடித்தவர் வேண்டாம் என்பது என்ன நியாயம்? பறைக் கலைஞரை ஆசிரியராக அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, விழாவில் முன்வரிசையில் அமரவைக்க வேண்டும். அது முடியாதென்றால் கும்மியே போதும்.

மீட்பர் பிறந்த செய்தி முதலில் எட்டியது வயல்வெளியில் கிடை காத்த இடையர்களுக்கு அன்றோ? நம் நாடகங்களில் அவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பதோடு சரி. (துண்டும் பெரும்பாலும் அப்பாவுடையது.) வானதூதர்கள் பரதம் ஆடட்டும், இடையர்கள் ஒயிலும் பறையுமாக வரட்டும். பறையைக் காய்ச்ச மேடைக்குப் பின்னால் கொஞ்சம் வைக்கோல் மூட்ட வேண்டியிருக்கும். அதற்குத் தலைமைச் சகோதரி அனுமதி தருவார்கள் என்றே நினைக்கிறேன்.