வானுக்கும் வயலுக்கும் ஒரு செவிக்கவசம்

வள்ளுவர் கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். கண்ணிழந்தார்க்கு உலகம் இரங்கும். செவியிழந்தார்க்கோ இரங்குவாரினும் நகைப்பாரே மிகுதி. ஆயினும் செவியைக் காப்பதில் நம் நாட்டார் செலுத்தும் கவனம் மிகச் சிறிது. ஆகாய விமானம் ஓட்டுவோர்க்கு அக்காவல் உண்டு. நிலத்தில் உழைப்போர்க்குப் பெரும்பாலும் இல்லை. இவ்விருவர்க்கும் ஒரு கருவியே உதவுமாறு அமைத்தல் கூடும் என்பதும், அமைத்தல் வேண்டும் என்பதும் எமது துணிபு.

ஹெட்செட் என்று வழங்கும் அக்கருவியை ஈண்டுச் செவிக்கவசம் என்போம். காதுகளை மூடும் இரு கிண்ணங்கள், அவற்றைப் பிணைக்கும் தலைப்பட்டை, உதட்டருகே நிற்கும் ஒலிவாங்கி, விமானத்தின் வானொலியோடு இணைக்கும் கம்பி ஆகிய இவையே அதன் உறுப்புக்கள். சிறு விமானத்தினுள் இயந்திர ஓசை 90 டெசிபெலைக் கடப்பது இயல்பு. 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் இருத்தல் தீது என்றும், அதற்குமேல் 3 டெசிபெல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறைதல் வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சியாளர் வரையறுத்துள்ளனர். அங்ஙனமாயின் 94 டெசிபெலில் ஒரு மணி நேரமே தகும். கிண்ணத்தின் திண்மையும் மெத்தையும் கூரிய ஓசையைத் தடுக்கும். ஆழ்ந்த முழக்கத்தை முற்றும் தடுக்கமாட்டா. அம்முழக்கத்தைச் சிறு ஒலிவாங்கியொன்று உணர, அதற்கு நேர்மாறான அலையை மின்சுற்று எழுப்பும். இரண்டும் கூடி அடங்கும்.

இம்முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தோருள் முதன்மையானவர் அமர் போஸ். வங்கத்து விடுதலைப் போராளி நோனி கோபால் போஸின் புதல்வராகிய இவர், 1978-ஆம் ஆண்டில் சூரிச் நகரினின்று விமானத்தில் திரும்புகையில், பயணிகளுக்குக் கொடுத்த செவிக்கருவியின் இசை இயந்திர இரைச்சலில் அமிழக் கண்டு, பயணம் முடியுமுன்னரே இதற்குரிய கணக்கை வரையத் தொடங்கினார். 1986-ல் வாயேஜர் என்னும் விமானம் இடையில் எரிபொருள் நிரப்பாது உலகைச் சுற்றியபோது, அவர்தம் மாதிரிக் கவசங்கள் ஓட்டிகளின் செவியைக் காத்தன. 1989-ல் விமானிகளுக்கும், 2000-ல் பொதுமக்களுக்கும் என அவை விற்பனைக்கு வந்தன. தத்துவம் ஒன்று, பண்டமோ இரண்டு. உயர்தர விமானக் கவசமொன்றின் விலை இன்று 1,000 டாலருக்கும் மேல்.

இனி, விமானத்தோடு தொடர்பே இல்லாத ஓர் ஊரை எண்ணுவோம். பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், கொடைக்கானலுக்கு அப்பால் உள்ளது பூண்டி. படிப்படியாக வெட்டிய நிலங்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் பகுதி அது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது. அத்தகைய மலையூரில் உழவர் ஒருவர் பெட்ரோலால் இயங்கும் மருந்துத் தெளிப்பானை முதுகிற் சுமந்து வரப்பு வரப்பாக ஏறுகின்றார் என்க. அவ்வியந்திரம் செவிக்கு மிக அண்மையில் முழங்கும். அவர் காதிலோ பஞ்சும் இல்லை. அவர் மகன் நம் கல்லூரியிற் பயின்று விமானம் ஓட்டக் கற்க விழைவானாயின், பயிற்சிக் கட்டணத்தின்மேல் கவசத்தின் விலையும் அவன் தலையில் ஏறும். தந்தைக்கு இல்லாத காவலும் மகனுக்கு எட்டாத காவலும் ஒன்றே என்பதுதான் எம் வாதத்தின் உயிர்.

ஆதலின் கவசத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்தும் சேர்த்தும் பயன்படுத்துமாறு அமைத்தல் வேண்டும். கிண்ணமும் தலைப்பட்டையும் அடிப்படை உறுப்புக்கள். அவை வயலில் மின்கலமின்றியே செவியைக் காக்கட்டும். வீட்டில் கைப்பேசியோடு இணைந்து பாடமும் பாட்டும் கேட்பிக்கட்டும். விமானத்தில் ஏறுங்கால் ஒலிவாங்கித் தண்டும் விமானக் கம்பியும் அவற்றோடு பூட்டப்படட்டும். விமானச் செவிக்கருவிகளின் மின்தடை பெரும்பாலும் 150 ஓமும் அதற்கு மேலும் ஆகும். கைப்பேசிக்குரியவை பல 32 ஓம் அளவின. விமான ஒலிவாங்கியோ வானொலிப் பெட்டியினின்றே மின்னூட்டம் பெறுவது. இவ்வேறுபாடுகளைக் கம்பியின் இடையே அமைந்த சிறு பெட்டியொன்று ஏற்றுக்கொள்ளுமாயின், கிண்ணத்தை மாற்ற வேண்டுவதில்லை. சாதாரணச் செவிக்கருவியிற் பூட்டத்தக்க விமான ஒலிவாங்கிகள் மேனாட்டில் முன்னரே விற்பனைக்கு வந்துள்ளன. ஆகவே யாம் கூறுவது பகற்கனவன்று. மற்றொரு நன்மையும் உண்டு: கம்பி அறுந்தால் கம்பியையும், மெத்தை கிழிந்தால் மெத்தையையும் மட்டும் வாங்கினாற் போதும்.

இரு தொழிலுக்கு ஒரு கருவி என்பது இரண்டையும் கெடுக்கும் எனச் சிலர் கூறுவர். அவ்வச்சம் வீணன்று. வானில் ஒரு சொல் பிழைபடக் கேட்பின் பல உயிர்க்கு இடர் நேரும். ஆதலின் பூட்டுவாய் தானே கழலாதிருத்தல், விமானத்திற் பேச்சு கம்பிவழியே செல்லுதல், மின்கலம் தீர்ந்தபின்னும் பேச்சுக் கேட்டல், உரிய அதிகாரிகளின் சோதனையில் தேறுதல் ஆகிய இவற்றில் அணுவளவும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. வானுக்கு இறுக்கமான மெத்தையும் வீட்டிற்கு மெல்லிய மெத்தையும் தனித்தனியே வேண்டும். சாலையில் இதனை அணிந்து செல்லுதலும் தகாது. பின்வரும் வண்டியின் ஒலியைக் கேளாதான் தன் உயிர்க்கே பகையாவான்.

வானுக்கென ஆக்கியதை மண்ணுக்கு இறக்கித் தந்தவர் நம்மவருள்ளும் உளர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிலும், பின்னர்க் குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்ற அப்துல் கலாம், ஏவுகணைக்கென ஆக்கிய இலேசான கலப்புப் பொருளைக் கொண்டு, ஐதராபாத்தில் கால் தளர்ந்த சிறுவர்க்கு நடைத்தாங்கி செய்வித்தார். 3 கிலோவுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கியின் இடத்தில் 300 கிராம் எடையுள்ள தாங்கி வந்தது. கால் தளர்ந்தார்க்கு அன்று செய்தது போலச் செவி தளர்வார்க்கு இன்று செய்யலாகாதோ?

மாணாக்கர்காள்! வரும் விடுமுறையில் உங்கள் ஊர்களில் தெளிப்பானும் மரமறுக்கும் இயந்திரமும் எழுப்பும் ஓசையை அளந்து வாருங்கள். பௌதிகத் துறையினர் பூட்டுவாய் ஒன்றை வரையட்டும். விமானத் துறையிலும் தொழிற்சாலைகளிலும் உள்ள பழைய மாணவர் அதன் குறைகளைக் கூறட்டும். தேறிய அளவுகளை எவரும் செய்துகொள்ளுமாறு வெளியிடுவோம். நம் கல்லூரியை நிறுவிய பெரியோர் கல்வியின் பயன் ஊழியமே என்றனர். மலையுழவரின் செவி மழுங்குமுன் அவர்க்கொரு கவசம் செய்தளித்தல் அவ்வூழியத்தின்பாற் பட்டதே என்பது எமது முடிபு.