பெட்டியை ஒளிக்க வேறு இடமா இல்லை?

1854-ல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். நடந்து வந்தவர்கள் அதில் விசிட்டிங் கார்டு போட்டுவிட்டுப் போனார்கள். லெட்டர்பாக்ஸிங் பிறந்தது இப்படித்தான். 2000-ல் அதற்கு ஜிபிஎஸ் தம்பி ஒருவன் வந்தான், பெயர் ஜியோகேச்சிங்.

நல்ல விளையாட்டுதான். அதற்காக செண்பகத்தோப்பிலும், ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றுப் பக்கமும் பெட்டி ஒளிக்க வேண்டுமா? டார்ட்மூரில் இருப்பது குதிரையும் ஆடும். இங்கே யானை! 1988-ல் நரை அணில் சரணாலயமான இந்தக் காடு, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம்.

"பாதையை விட்டு விலக மாட்டோம்" என்பார்கள். "மூன்றாவது பாறையிலிருந்து இடப்பக்கம் இருபது எட்டு" என்றுதானே குறிப்பே இருக்கும்? விலகினால்தானே விளையாட்டு! பத்தாவது ஆள் வரும்போது அங்கே புதுப் பாதையே விழுந்திருக்கும். பெட்டிக்குள் யாராவது மிட்டாய் வைத்தால் முதலில் கண்டுபிடிப்பது குரங்குதான்.

பெட்டியே இல்லாமல், இடத்தைப் பார்த்துக் கேள்விக்கு விடை எழுதும் முறையும் இதில் உண்டு. அதை ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் ஆடட்டுமே. துளசியடியில் ஆண்டாளைப் பெரியாழ்வார் கண்டெடுத்த ஊருக்குத் தேடல் புதிதா என்ன? 11 நிலை கோபுரம், நந்தவனம், திருமுக்குளம், தேரடி, நடுவில் பால்கோவா கடை... ஒரு நாள் போதாது.