சோற்றுக் கணக்குப் போடுகிறவர்கள்

கள்ளிக்குப்பம் டீக்கடையில் போன வாரம் ஒரு பேச்சு நடந்தது. கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரிக்கு சர்க்கார் செலவழிப்பதைப் பற்றி. “பைத்தியத்துக்கு எதுக்குய்யா இவ்வளவு பணம்? அந்தப் பணத்தில் உழைக்கிறவனுக்கு வீடு கட்டிக் கொடுக்கலாமே!” என்றார் ஒருவர். அவர் முதலாளியல்ல, வட்டிக்கடைக்காரருமல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் தொழிலாளி. பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தோழர்களே! இந்த வாதம் நம்முடைய சரக்கல்ல. இது ஹிட்லர் கூட்டத்தின் சரக்கு. 1930-களில் ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்திலேயே இதை அச்சடித்துக் கொடுத்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி கட்ட இத்தனை லட்சம். ஒரு வீடு கட்ட இத்தனை ஆயிரம். அந்தப் பணத்தில் குடும்பங்களுக்கு எத்தனை வீடு கட்டியிருக்கலாம்? வகுத்து விடை எழுது! வீட்டு வாடகையை ஏற்றியவனைக் கேட்காதே, கூலியை வெட்டியவனைக் கேட்காதே. நோயாளியின் கஞ்சித் தட்டைக் காட்டி, “உன் வீடு இதில்தான் போயிற்று” என்று தொழிலாளியிடம் சொல்! இதுதான் அந்தக் கணக்கின் சூட்சுமம்.

விடை எப்படி வந்தது என்று பாருங்கள். மனநோயாளிகளைக் கொல்ல அனுமதித்து ஹிட்லர் கையெழுத்திட்டது 1939 அக்டோபரில். ஆனால் தேதியை முன்னால் தள்ளி செப்டம்பர் 1 என்று போட்டான். அது யுத்தம் தொடங்கிய நாள்! ஆஸ்பத்திரிகளுக்குப் படிவங்கள் போயின. நோயாளி என்ன வேலை செய்வான், எவ்வளவு செய்வான் என்பது அதில் ஒரு கேள்வி. பதிலைப் பார்த்துத்தான் உயிரும் சாவும். 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்டு வரை ஆறு இடங்களில் விஷவாயு அறைகளில் மாண்டவர்கள் சுமார் 70,000 பேர். ஜனங்கள் முணுமுணுத்ததும் வாயுவை நிறுத்தினார்கள். ஊசியையும் பட்டினியையும் நிறுத்தவில்லை.

வியன்னா நகரத்தில் ஸ்டைன்ஹோஃப் என்று பெரிய மனநோய் ஆஸ்பத்திரி. அதன் வளாகத்தில் 1940-இல் ஸ்பீகல்குருண்ட் என்ற பெயரில் குழந்தைகளுக்கென ஒரு பிரிவைத் திறந்தார்கள். அங்கே உத்தியோகம் பார்த்தவள் மரியானே டூர்க். 1914-இல் பிறந்தவள், 26 வயது டாக்டர். அவள் வேலை என்ன? குழந்தையைப் பரிசோதிப்பது, அறிக்கை எழுதுவது. இது படிக்குமா? வளர்ந்தால் வேலைக்கு உதவுமா? உதவாது என்று எழுதினால் அறிக்கை பெர்லினுக்குப் போகும். அங்கிருந்து “சிகிச்சை” செய்யலாம் என்று பதில் வரும். பிறகு லூமினால் என்ற தூக்க மருந்து, குழந்தை சாப்பிடும் சாப்பாட்டிலேயே! நாளுக்கு நாள் குழந்தை துவண்டு, நெஞ்சில் சளி கட்டிச் சாகும். சான்றிதழில் ‘நிமோனியா’ என்று எழுதுவார்கள். கத்தியில்லை, ரத்தமில்லை, எல்லாம் ஆபீஸ் ஒழுங்கு! அங்கே மாண்ட குழந்தைகள் 789 என்று ஆவணங்கள் சொல்கின்றன.

தெரியாமல் செய்தாள் என்று யாராவது வாதாடலாம். அதே ஊரில் ஆன்னா வோட்ல் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். அவளுடைய மகன் ஆல்பிரட் ஊனமுற்ற சிறுவன், ஆஸ்பத்திரியில் இருந்தான். நோயாளிகளை வண்டியில் ஏற்றிப் போவதைக் கேள்விப்பட்டதும் அந்தத் தாய் மற்ற குடும்பங்களைத் திரட்டினாள். பெர்லினுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுத வைத்தாள். தானே பெர்லினுக்குப் போய் அதிகாரியிடம் மன்றாடினாள். 1941 பிப்ரவரியில் அவள் பிள்ளை ஸ்பீகல்குருண்டில் செத்தான். நர்ஸுக்குத் தெரிந்தது டாக்டருக்குத் தெரியாதா?

யுத்தம் முடிந்தது. 1946-இல் மக்கள் நீதிமன்றம் விசாரித்தது. தலைமை டாக்டர் இல்லிங்கைத் தூக்கில் போட்டார்கள். டூர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டாள்; பத்து வருஷத் தண்டனை. 1948-இலேயே வெளியே வந்துவிட்டாள். அவளோடு வேலை பார்த்த ஹைன்ரிஹ் குரோஸ் கதை இன்னும் கேவலம். சோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்தான். கொல்லப்பட்ட குழந்தைகளின் மூளைகளை வைத்தே ஆராய்ச்சி எழுதினான், கோர்ட்டுகளுக்கு அபிப்பிராயம் சொல்லும் பெரிய டாக்டரானான், 1975-இல் சர்க்கார் விருதும் வாங்கினான்! அந்தப் பிஞ்சுகளின் மிச்சங்களை மண்ணில் அடக்கம் செய்ததே 2002-இல்தான்.

சரி, நம்மூர்க் கீழ்ப்பாக்கத்துக்கு வருவோம். 1959-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் டாக்டர் சாரதா மேனன். நாட்டின் முதல் பெண் மனநோய் மருத்துவர் என்று பெயர் பெற்றவர். 1961 முதல் 1978 வரை அவரே சூப்பிரண்டு. 1962, 1965, 1971 என்று மூன்று யுத்தங்கள் அந்தக் காலத்தில் வந்து போயின. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழும்பியதும் அப்போதுதான். டாங்கிக்குக் கோடி கோடியாகக் கொட்டிய காலத்தில், பூட்டிக் கிடந்த ஆஸ்பத்திரியை அந்த அம்மையார் வெளிநோயாளிகளுக்குத் திறந்துவிட்டார், குடும்பத்தாரை உள்ளே அழைத்தார், தேறியவர்களுக்குத் தொழில் பழக்க வழி செய்தார். இவரும் “என்ன வேலை செய்வாய்?” என்றுதான் கேட்டார். ஆனால் கொல்வதற்காகக் கேட்கவில்லை!

அதற்காக நம் சர்க்கார்களுக்கு நற்சான்று கொடுக்க நாம் தயாரில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் வெந்து செத்தார்கள். சங்கிலியில் கட்டக்கூடாது என்றும், சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுவது உரிமை என்றும் 2017-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. வயலில் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இதை யார் போய்ச் சொன்னார்கள்?

டீக்கடையில் இத்தனையும் சொன்ன பிறகு அந்த லேத் தோழர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய பக்கத்து மெஷினில் நின்றவர், மூன்று வருஷமாகக் காண்டிராக்ட்டில் வேலை பார்த்தவர், பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தூக்கம் கெட்டுத் தனக்குத்தானே பேச ஆரம்பித்திருக்கிறார். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சிரித்திருக்கிறார்கள், இவரும் சிரித்தாராம். காண்டிராக்டர் ஒரே நாளில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டான்.

இ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. சில கடுமையான மனநோய்களும் அதில் இருக்கின்றன. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து, சந்தாவும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், கூலியில் 80 சதவீதம் இரண்டு வருஷம் வரை பெற வழியிருக்கிறது. அவர் கூலியில் மாதாமாதம் பிடித்தம் நடந்ததாம். பிடித்ததைக் கட்டினானா என்பதுதான் கேள்வி. அந்தத் தோழரின் இ.எஸ்.ஐ. நம்பரையும் கூலிச் சீட்டுகளையும் வீட்டிலிருந்து வாங்கி வரும்படி லேத் தோழரிடம் சொல்லியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டு வருகிறார்.