கல்லுக்குப் பெயர் சொல்வோம்

கண்டெடுப்பவர் ஒருவர், இன்னதென்று கண்டறிபவர் மற்றொருவர். அறிவியல் வளர இவ்விருவரும் வேண்டும். ஆயின் நம் நாட்டில் இவ்விருவருக்கும் இடையே ஒரு மதில் நிற்கிறது. தொல்லுயிர் எச்சங்களைப் பொறுத்தவரை அம்மதிலைச் சற்றேனும் தாழ்த்தும் கடமை நம்முடையதைப் போன்ற அரசு கலைக் கல்லூரிகளுக்கு உண்டு என்பது என் கருத்து.

நாம் வாழும் இப்பகுதியின் பெருமையை நாமே முழுதும் உணரவில்லை. அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களின் ஒரு பெரும் பரப்பு ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி ஆகிய ஊர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றுள்ளன. மழை ஓய்ந்தபின் காரையின் ஓடைகளில் நடந்தால் போதும். நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டும், துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட்டும், சிப்பிகளும் காலில் இடறும். இவற்றை முதலில் காண்பவர் பேராசிரியர் அல்லர். ஆடு மேய்ப்பவரும், கிணறு வெட்டுபவரும், பள்ளி விட்டு வரும் சிறுவருமே காண்கின்றனர்.

கண்ட பின் நடப்பது என்ன? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வெறுங்கல் என்று எறியப்படும். அல்லது டைனோசர் முட்டை என்று ஊரெங்கும் பேசப்படும். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்ற செய்தி தீயாய்ப் பரவியது. வல்லுநர்கள் பார்த்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டுகளோடு தொடர்புடைய படிவுருண்டைகள் என்று விளக்கினர். கடலடிச் சேற்றில் புதைந்த ஓர் ஓட்டைச் சுற்றிக் கனிமங்கள் சிறுகச் சிறுகச் சேர்ந்து இறுகும்போது இத்தகைய உருண்டைகள் உண்டாகின்றன. மக்கள் ஏமாந்தனர் என்று நகைப்பது எளிது. அவர்கள் கேட்பதற்கு அருகில் ஓரிடம் இருந்திருந்தால் அந்த வதந்தி ஒரு நாளாவது நின்றிருக்குமா?

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். இப்பகுதியின் எச்சங்களை உலகுக்கு முதலில் அறிவித்தவர்கள் நிலவியல் அறிஞர்கள் அல்லர். கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர், சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர்கள். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் அவர்கள் ஆர்வத்தால் திரட்டிய எச்சங்கள் இலண்டனுக்குச் சென்றன. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1846இல் வெளிவந்தது. அதன் பின்னரே பிளான்போர்டும் ஸ்டொலிச்காவும் இங்கு விரிவாக ஆராய்ந்தனர். அன்று அதிகாரிகள் பொறுக்கிய கல் கடல் கடந்து சென்று பெயர் பெற்றது. இன்று ஆடு மேய்க்கும் சிறுவன் பொறுக்கும் கல் இருபது கிலோமீட்டர் கடந்து நம் கல்லூரி வாயிலுக்கு வருவதில்லை. இது நமக்குப் பெருமையா?

இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1956இல் சார்ன்வுட் காட்டுப் பாறையொன்றில் இலை போன்ற ஒரு படிவத்தை டீனா நீகஸ் என்ற பள்ளி மாணவி கண்டார். அவ்வளவு பழமையான பாறையில் உயிர் எச்சம் இருக்கவே முடியாது என்று ஆசிரியர் கூறிவிட்டார். மறு ஆண்டு ரோஜர் மேசன் என்ற பள்ளி மாணவர் அதே படிவத்தைக் கண்டார். அவருடைய தந்தைக்கு ஒரு பல்கலைக்கழக நிலவியலாளரைத் தெரிந்திருந்தது. டிரெவர் ஃபோர்டு என்ற அவர் நேரில் சென்று பார்த்தார். 1958இல் அவ்வுயிருக்குச் சார்னியா மேசோனி என்று பெயரிட்டார். இருவர் கண்டதும் ஒன்றே, கண்ணிலும் குறையில்லை. ஒருவருக்கு வழி தெரிந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை. என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். யாரிடம் கேட்பது, எந்த அறைக் கதவைத் தட்டுவது என்ற தயக்கம் எவ்வளவு கனமானது என்பதை அறிவேன். ஆதலால் அந்த மாணவியின் கதை எனக்கு வெறும் அயல்நாட்டுச் செய்தி அன்று.

கண்டறிதல் என்பது மந்திரமும் அன்று. நாம் வகுப்பில் பயில்வதே பெரும்பாலானவற்றுக்குப் போதும். அம்மோனைட்டின் ஓட்டில் அறைகளைப் பிரிக்கும் மடிப்பு மடிப்பான கோடுகள் தெரியும். கல்லான மரத்தை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் திசுக்கள் தெரியும். முட்டையாயின் ஓடும், அதில் நுண்துளைகளும் இருத்தல் வேண்டும். உருண்டையாக இருப்பது மட்டும் சான்றாகாது. பாறைப் பிளவில் பெரணி இலைபோல் கறுப்பாகப் படர்ந்திருப்பது பலவேளைகளில் மாங்கனீசு ஆக்சைடு, செடியே அன்று. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்தில் சக்கரத்தைக் கண்டவர்களின் பார்வை கூர்மையானது. அச்சக்கரங்கள் அம்மோனைட்டின் சுருள்களே. பார்வை மக்களிடம் இருக்கிறது. அதனோடு சேர வேண்டிய பாடம் நம்மிடம் இருக்கிறது.

கல்லைவிட முக்கியமானது கல் கிடைத்த இடம். காரையின் களிமண்ணுக்கும் கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புப் பாறைக்கும் இடையே பேருந்தில் செல்லும் தொலைவுதான். காலத்தால் 2 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. எங்கே, எந்தப் படிவில் எடுத்தது என்று எழுதப்படாத எச்சம் முகவரி இல்லாக் கடிதம் போன்றது. இதில் பொதுமக்களை மட்டும் குறை சொல்லலாகாது. சுற்றுலா சென்று சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, சீட்டு ஒட்டாமல் கண்ணாடி அலமாரியில் அடுக்கும் மாணவர்களாகிய நாமும் அதையே செய்கிறோம்.

இதற்கு மறுப்பு கூறுவோர் உண்டு. "ஆசிரியர்களுக்கு வேலை மிகுதி, ஊரார் கொண்டுவருவதில் பத்துக்கு ஒன்பது வெறுங்கல்லாக இருக்கும், நாம் மதிப்புக் கொடுத்தால் தோண்டி விற்கத் தொடங்குவர்" என்பர். வெறுங்கல்லை வெறுங்கல் என்று விளக்கிச் சொல்வதும் கல்விப்பணியே. விற்பனைக்கு அஞ்சி வாய்மூடி இருந்தால் விலை சொல்பவன் மட்டுமே பேசுவான். எடுத்துவைத்துப் பேணத் தவறினால் நேர்வது என்ன என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்குப் பிருஹத்காயோசாரஸ் என்று 1980களில் பெயரிட்டனர். முதலில் ஊனுண்ணி என்றனர். பின்னர் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்றனர். அந்த எலும்புகள் சிதைந்தழிந்துவிட்டன. வரைபடங்களையும் நிழற்படங்களையும் வைத்தே இன்று அறிஞர்கள் வாதிடுகின்றனர்.

சென்ற ஆண்டு களப்பயணத்தின்போது முதியவர் ஒருவர் துண்டில் முடிந்த கற்களை எங்கள் முன் அவிழ்த்து, "காலேஜு புள்ளைங்கதானே, இது என்னன்னு சொல்லுங்க தம்பி" என்றார். எங்கள் ஆசிரியர் அவர் அருகில் அமர்ந்து ஒவ்வொன்றாக விளக்கினார். இரண்டு வெறுங்கல், ஒன்று பெலம்னைட், ஒன்று சுறாமீன் பல். "அப்ப நம்ம காட்டுல சுறா நீந்துச்சுங்களா?" என்று வியந்தவர், அந்தப் பல் கிடைத்த ஓடைக்கே எங்களை அழைத்துச் சென்றார். கால்மணி நேரம் விளக்கியதற்குக் கிடைத்த ஊதியம் அது.

ஆகவே நான் வேண்டுவது பெரிய நிதியோ புதிய கட்டடமோ அன்று. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஆயினும் கண்ணாடிக்குள் இருப்பதைக் காண்பது வேறு, தன் கையிலிருப்பதைக் கேட்டறிவது வேறு. மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் நம் நிலவியல் ஆய்வுக்கூடத்தின் கதவு ஊராருக்குத் திறந்திருக்கட்டும். ஒரு மேசை, ஒரு கைலென்ஸ், ஒரு பதிவேடு போதும். கொண்டுவந்தவர் பெயர், கிடைத்த இடம், நாள், நாம் கண்டறிந்தது ஆகியவற்றை மாணவர்களாகிய நாங்கள் எழுதுகிறோம், ஆசிரியர் சரிபார்க்கட்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதி, அறிந்தவருக்கு அனுப்புவோம். கல்லை அவரிடமே திருப்பிக் கொடுப்போம்; அரியதாயின் அவர் பெயரோடு அருங்காட்சியகத்தில் சேர்க்க வழிசெய்வோம். உடைக்காதீர், அமிலத்தில் கழுவாதீர், எடுத்த இடத்தை மறவாதீர் என்ற மூன்றையும் சொல்லி அனுப்புவோம்.

சுண்ணாம்புச் சுரங்கங்கள் நாள்தோறும் ஆழமாகின்றன. நேற்று இருந்த படிவு நாளை சிமெண்ட் ஆகிவிடும். அதற்கு முன் அதைப் பார்க்கும் கண்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வரும் கல்வியாண்டின் முதற்சனிக்கிழமையிலேயே அக்கதவைத் திறக்க ஆசிரியப் பெருமக்கள் இசைவு தருவார்களாக. மேசையைத் துடைத்து வைக்க மாணவ நண்பர்கள் முன்வருவார்களாக.

— இரண்டாமாண்டு பி.எஸ்சி., நிலவியல் மாணவர்