தொட்டிக்கு வெந்நீர் சுமந்தவர்

பிரிட்டனின் பழைய தெருக்களைப் பற்றிய நினைவுக்குறிப்புகளில் சில பொருட்கள் தவறாமல் வந்துவிடும். கொல்லைச் சுவரில் ஆணியில் தொங்கும் தகரக் குளியல் தொட்டி, வாரக் கடைசி இரவில் அதைக் கணப்புக்கு முன்னால் இறக்கிவைத்து வீட்டிலுள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே நீரில் குளித்தது, முற்றத்துக் கோடியில் இருந்த கழிப்பறை, அதில் நூலில் கோத்துத் தொங்கவிட்ட செய்தித்தாள் துண்டுகள், திங்கட்கிழமைதோறும் தெருவுக்குக் குறுக்கே கொடி கட்டிக் காயப்போட்ட துணி, பூட்டாத முன்கதவு. எழுதுபவர் லீட்ஸ்காரரோ சால்ஃபோர்டுக்காரரோ, நியூகாசிலைச் சேர்ந்தவரோ, பட்டியல் அதிகம் மாறுவதில்லை. கையில் காசில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தோம் என்ற முடிவும் மாறுவதில்லை. இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 1950களின் தெருவை இன்று நினைவுகூர்பவர் எண்பதை ஒட்டியவர். அன்று அவர் சிறுபிள்ளை. அந்தத் தொட்டியில் உட்கார்ந்திருந்தவரின் சாட்சியம் நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. அதற்கு வெந்நீர் சுமந்தவரின் சாட்சியம் அவ்வளவு இல்லை. பழைய பிரிட்டிஷ் வீட்டின் கதகதப்பு பெரும்பாலும் ஒரு பெண்ணின் உழைப்பிலிருந்து வந்தது. நினைவு அந்தக் கதகதப்பை வைத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டது.

தொட்டியையே எடுத்துக்கொள்வோம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பிரிட்டனில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான குடும்பங்களுக்கு வீட்டில் நிலையான குளியல் தொட்டி கிடையாது. ஆகவே தகரத் தொட்டி ஏதோ சில ஏழைத் தெருக்களின் விசித்திரமல்ல, கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கை. அதை நிரப்ப முதலில் செப்புக் கொப்பரையிலோ அடுப்பிலோ நீரைக் கொதிக்கவைக்க வேண்டும். அதற்குக் கரி வேண்டும், கரியோ 1958 வரை ரேஷனில் இருந்தது. பிறகு வாளி வாளியாகச் சுமந்து ஊற்ற வேண்டும். எல்லோரும் குளித்து முடித்ததும், அழுக்கேறி ஆறிப்போன அந்த நீரை மொண்டு மொண்டு முற்றத்தில் கொட்ட வேண்டும். திங்கட்கிழமை சலவைக்கும் இதே கொப்பரை, இதே வாளி. கூடவே மரத்தடியால் துணியைத் துவைப்பதும், கனத்த உருளைகளுக்கிடையே கொடுத்துப் பிழிவதும். ஞாயிற்றுக்கிழமை வெந்த இறைச்சியில் மிஞ்சியதைத் திங்களன்று ஆறியபடியே பரிமாறுவது வட இங்கிலாந்து வீடுகளில் வழக்கம். இன்று அதை ஒரு ருசியாக நினைவுகூர்பவர்கள் உண்டு. அன்று சமைக்க அம்மாவுக்கு நேரமில்லை என்பதே அதற்குக் காரணம். 1939இல் மார்ஜரி ஸ்ப்ரிங் ரைஸ் வெளியிட்ட, தொழிலாளர் குடும்பத்து மனைவியர் 1,250 பேரைப் பற்றிய ஆய்வைப் படித்தால் இதன் மறுபக்கம் தெரியும். ரத்தசோகை, தலைவலி, முதுகுவலி, பல் நோய் என்று பக்கத்துக்குப் பக்கம் தீராத நோவுகள்; அவற்றை நோயாகவே எண்ணாத பெண்கள். அந்த 1,250 பேரின் பிள்ளைகள் பிற்காலத்தில் எழுதியிருக்கக்கூடிய நினைவுக்குறிப்புகளைக் கற்பனை செய்து பாருங்கள். அம்மா எப்போதும் சிரித்த முகமாக இருந்தாள் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

கணப்புக்கும் இதே கதைதான். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள்; பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அந்தப் புகையில் மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் பங்குண்டு. ஆனால் தெருத்தெருவாக, ஒவ்வொரு வீட்டுப் புகைபோக்கியிலிருந்தும் எழுந்த கரிப்புகைக்கும் பெரும் பங்கு இருந்தது. 1956இன் தூய காற்றுச் சட்டம் வீட்டுக் கணப்பையும் கட்டுக்குள் கொண்டுவந்தது அதனால்தான்.

இப்படிப் பேசுவது வசதியானவர்களின் பார்வை, ஏழைகளின் கௌரவத்தை இது காணத் தவறுகிறது என்று ஒரு மறுப்பு உண்டு. வாசற்படியைத் தேய்த்துக் கழுவி, பழந்துணிக்காரரிடம் கந்தல் கொடுத்து வாங்கிய கல்லால் அதன் விளிம்புக்கு வெள்ளையோ மஞ்சளோ பூசிய பெண்கள் யாருடைய கட்டளைக்காகவும் அதைச் செய்யவில்லை. அது அவர்களுடைய பெருமிதம். சரியான மறுப்புதான். ரிச்சர்ட் ஹோகார்ட் 1957இல் வெளியிட்ட நூலில், தான் வளர்ந்த லீட்ஸின் ஹன்ஸ்லெட் பகுதியை அந்த மரியாதையோடுதான் எழுதினார். ஆனால் அதே வாசற்படியைச் சால்ஃபோர்டிலிருந்து பார்த்த ராபர்ட் ராபர்ட்ஸ் வேறொன்றையும் கண்டார். சேரியில் மூலைக்கடை வைத்திருந்தவர்களின் மகன் அவர். கடையின் கல்லாவுக்குப் பின்னாலிருந்து பார்த்ததால் யாருக்கு எவ்வளவு கடன், யார் யாரைவிட ஒரு படி மேல் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. 1971இல் வந்த அவருடைய புத்தகம் காட்டும் தெரு, வெளியாருக்குத்தான் ஒரே ஏழைக் கூட்டம்; உள்ளே அது நுணுக்கமாகப் படிநிலை வகுத்த ஓர் உலகம். வெளுக்காத வாசற்படி, திரையில்லாத ஜன்னல், அடகுக்கடைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை உடுப்பு எல்லாம் தெருவின் கண்ணுக்குத் தப்பாது. வீட்டிலிருந்த இரண்டே கீழறைகளில் ஒன்றை, கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும் மட்டும் திறக்கும் முன்னறையாகப் பூட்டிவைத்துவிட்டு, ஆறேழு பேர் சமையலறையில் நெருங்கி வாழ்ந்ததற்கும் அந்தக் கண்தான் காரணம். பெருமிதம் உண்மை. அதன் அடியில் அச்சம் இருந்ததும் உண்மை.

பூட்டாத கதவையும் அக்கம்பக்கத்தாரின் உதவியையும் இந்தப் பின்னணியில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். 1948 ஜூலை 5இல் தேசிய மருத்துவ சேவை தொடங்கும்வரை டாக்டருக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆண் தொழிலாளிக்கு 1911இல் வந்த காப்பீடு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் தரவில்லை. பிரசவம் பார்ப்பதும் பிணத்தைக் குளிப்பாட்டிக் கிடத்துவதும் தெருவிலேயே ஒரு பெண்ணின் வேலையாக இருந்தது வேறு வழியில்லாததால். இன்று நான் உனக்கு ஒரு கிண்ணம் சர்க்கரை தருவது, நாளை என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நீ வருவாய் என்பதற்காக. இது அன்பைக் குறைத்துச் சொல்வதல்ல; அந்த அன்பு எந்த நிலத்தில் வேர் பிடித்தது என்று சொல்வது. அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவுமில்லை. போருக்குப் பின் கரீபியனிலிருந்து வந்தவர்கள் வாடகைக்கு அறை தேடியபோது, கறுப்பர் வேண்டாம் என்ற அறிவிப்புகளை இதே போன்ற தெருக்களின் ஜன்னல்களில்தான் கண்டார்கள். வீடு கொடுப்பதில் இனப் பாகுபாடு சட்டவிரோதமானது 1968இல்தான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. மைக்கேல் யங்கும் பீட்டர் வில்மாட்டும் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனை ஆராய்ந்து 1957இல் எழுதிய புத்தகம் பிரிட்டிஷ் சமூகவியலில் மிக அதிகமாக வாசிக்கப்பட்டவற்றில் ஒன்று. மணமான மகள் அம்மா வீட்டுக்கு நாலு வாசல் தள்ளிக் குடியிருப்பாள், தெருவில் நடந்தால் பாதிப்பேர் உறவு. இந்தக் குடும்பங்களை எசெக்ஸின் புதிய அரசுக் குடியிருப்புக்கு மாற்றியதும் வீடு கிடைத்தது, உறவு அறுந்தது, கையில் மிஞ்சியது தனிமையும் தொலைக்காட்சியும் என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் ஏக்கம் வெறும் குழந்தைக் கனவல்ல, பெரியவர்களும் இழந்தார்கள் என்று வாதிடலாம். ஆனால் வரலாற்றாசிரியர் ஜான் லாரன்ஸ் அந்த ஆய்வின் மூலக் குறிப்புகளை மறுபடி எடுத்துப் படித்து, 2019இல் வெளியிட்ட புத்தகத்தில் வேறு படத்தைக் காட்டினார். பேட்டி கொடுத்தவர்களில் பலர் தனி வீட்டையும் தோட்டத்தையும் வேண்டி நின்றவர்கள்; நெருக்கமும் உறவினர்களின் தலையீடும் அவர்களில் பலருக்குப் புழுக்கமாகவும் இருந்தது. ஆய்வாளர்கள் தேடிப் போனது சமூகத்தை. ஆகவே குறிப்பேட்டில் இருந்த எரிச்சல் புத்தகத்துக்கு வந்து சேரவில்லை. நினைவுக்குறிப்புக்கு நேர்வது ஆய்வுக்கும் நேர்ந்திருக்கிறது.

இதனால் இடித்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாது. போருக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சேரியென்று அறிவித்து இடித்தார்கள். ஒரு தெருவை ஒரே இடத்தில் சேர்த்துக் குடியமர்த்தாமல் பட்டியல்படி சிதறடித்தது, குழாயும் கழிப்பறையும் பொருத்திச் சீர்செய்திருக்கக்கூடிய வீடுகளையும் தரைமட்டமாக்கியது, பிள்ளைகளோடு இருக்கும் தாய்மாரைப் பதினைந்தாவது மாடிக்கு ஏற்றியது எல்லாம் திட்டமிட்டவர்களின் பிழைகள். 1968 மே மாதம் லண்டனில் ரோனன் பாயிண்ட் அடுக்குமாடியின் ஒரு மூலை, எரிவாயு வெடித்துச் சரிந்து நாலு பேர் இறந்தபோது அந்தக் கட்டுமானத்தின் மீதிருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. ஆனால் குற்றம் வெந்நீர்க் குழாயினுடையதல்ல. அதற்கு நல்ல சாட்சி, போர் முடிந்த கையோடு தற்காலிகமாக நட்ட முன்தயாரிப்பு வீடுகள். பத்துப் பதினைந்து ஆண்டுக்கென்று ஒன்றரை லட்சத்துக்கும் சற்று அதிகமாகக் கட்டினார்கள். தோற்றத்தில் கொட்டகை, உள்ளே குளியலறை, கழிப்பறை, பொருத்திய சமையலறை, அக்காலத்தில் அரிதாயிருந்த குளிர்ப்பெட்டி, சுற்றிலும் தோட்டம். காலக்கெடு முடிந்ததும் காலி செய்யச் சொன்னபோது மறுத்தவர்கள் பலர். லண்டனின் கேட்ஃபர்டில் அப்படியொரு குடியிருப்பு இந்த நூற்றாண்டிலும் நீடித்தது. அங்கும் அக்கம்பக்கம் செழித்தது. வசதி வந்தால் உறவு போய்விடும் என்பது விதியல்ல என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

கிராமத்தைப் பற்றிய ஏக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோஜாக்கொடி படர்ந்த வேலையாள் குடில்களில் பல, பண்ணையாருக்குச் சொந்தமானவை. வேலை போனால் வீடும் போகும். முதலாளியை எதிர்த்துப் பேசும் தொழிலாளி பெண்டு பிள்ளைகளோடு தெருவுக்கு வர வேண்டும். இங்கிலாந்துப் பண்ணையாட்களுக்கு இதிலிருந்து உருப்படியான சட்டப் பாதுகாப்பு 1976இல்தான் கிடைத்தது. நகரத்துக் கணப்போரத்தில், கிராமத்துக் குடிலில், எங்கும் ஆவி பறந்த அந்தக் கோப்பைத் தேநீரின் பின்னாலும் எழுதப்படாத ஒரு வீடு உண்டு: இலங்கை மலையகத்தில் தமிழ்த் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்த லயத்து அறை. லிப்டன் 1890இல் அங்கே தோட்டங்களை வாங்கியது பிரிட்டிஷ் தொழிலாளிக்கு மலிவாகத் தேயிலை விற்கத்தான். அந்தக் கோப்பையின் இரு முனையிலும் வேலைக்காக விடியுமுன் எழுந்தவள் ஒரு பெண்.

ஏக்கத்தை விற்பவர்களுக்கு இந்தச் சிக்கல்கள் தேவையில்லை. ரிட்லி ஸ்காட் 1973இல் ஹோவிஸ் ரொட்டிக்கு எடுத்த விளம்பரத்தில் ஒரு பையன் கல் பாவிய செங்குத்துத் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவான். வட இங்கிலாந்து ஆலை நகரம் என்று பலர் நினைத்துக்கொண்ட அந்தத் தெரு தெற்கே டோர்செட்டில் ஷாஃப்ட்ஸ்பரி ஊரில் இருக்கிறது. பர்மிங்காமில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளின் கடைசி முற்றத்தை நேஷனல் டிரஸ்ட் 2004இல் அருங்காட்சியகமாகத் திறந்தது, நல்ல காரியம். அங்கே இரண்டு வீடுகளை விடுமுறைக்கும் வாடகைக்கு விடுகிறார்கள், இக்காலக் குளியலறை வசதியோடு.

இருந்தும் அந்த நினைவுகளில் கழித்துக்கட்ட முடியாத ஒன்று உண்டு. குழந்தையின் சாட்சியம் தாயின் உழைப்பைப் பற்றித்தான் நம்பத்தகாதது. குழந்தையின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இருட்டும்வரை தெருவில் விளையாடினோம் என்று அவர்கள் எழுதுவது நிஜம், அதை இழந்ததும் நிஜம். அதைப் பறித்தது குளியலறையோ வெந்நீரோ அல்ல, கார். 1938இலேயே பிரிட்டன், தெருக்களை விளையாட்டுக்கென்று ஒதுக்கி வண்டிகளைத் தடுக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் ஒரு சட்டம் இயற்றியது. வண்டிகள் பெருகப் பெருக அப்படி ஒதுக்கிய தெருக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 2009இல் பிரிஸ்டல் நகரில் சில தாய்மார் சேர்ந்து தங்கள் தெருவைச் சில மணி நேரம் அடைத்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். நகராட்சி அதற்கு அனுமதி கொடுக்க ஒரு நடைமுறையை வகுத்தது. வேறு ஊர்களும் அதைப் பின்பற்றின. ஏக்கத்தோடு எழுதுபவர்கள் தங்கள் ஊர் நகராட்சிக்கு அனுப்பிவைக்க வேண்டிய விண்ணப்பம் அதுதான். அதற்குத் தகரத் தொட்டி வேண்டியதில்லை, இரண்டு தடுப்புக் கட்டைகளும் மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பெரியவர்களும் போதும்.