கையெழுத்து யாருடையது?

பஞ்சாலையின் மின்சாரப் பகுதியில் இருபது வருஷம் மோட்டாரோடும் ஸ்டார்ட்டரோடும் போராடிய தொழிலாளி, ஆலைக் கதவு அடைக்கப்பட்டதும் ஒரு டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் பையில் போட்டுக்கொண்டு வீதிக்கு வருகிறான். பம்ப்செட் மெக்கானிக்கிடம் எடுபிடியாக நின்று தொழில் பழகிய விவசாயத் தொழிலாளியின் மகனும் அதே வீதிக்கு வருகிறான். இனி யாரிடமும் கூலிக்கு நிற்பதில்லை, சொந்தமாக வயரிங் வேலை செய்து பிழைப்போம் என்பது இருவருடைய முடிவு. முதல் வீட்டு வாசலிலேயே கேள்வி எழுகிறது: "சர்ட்டிபிகேட் இருக்கிறதா?"

நியாயமான கேள்விதான். மின்சாரம் ஆள் பார்த்துத் தாக்குவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தால், அண்மை ஆண்டுகளில் இந்நாட்டில் வருஷத்துக்கு 10,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி மடிந்திருக்கிறார்கள். எர்த் இல்லாத மோட்டாரைத் தொட்ட உழவனும், ஈரச் சுவரில் கை வைத்த தாயும் இந்தக் கணக்கில் உண்டு. ஆகவே சான்றிதழே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்தச் சான்றிதழ், யார் கொடுப்பது, அதனால் தொழிலாளிக்கு என்ன உரிமை கிடைக்கிறது என்பதே நாம் கேட்கும் கேள்வி.

இன்று சந்தையில் சான்றிதழ்களுக்குக் குறைவில்லை. தெருவுக்குத் தெரு "மூன்று மாத டிப்ளமோ" என்று போர்டு தொங்குகிறது. ஆலை கொடுத்த கிராஜுவிட்டியில் ஒரு பகுதியைக் கட்டி, கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதத்தை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் காகிதம் சுவருக்கு அலங்காரமாகலாம்; சட்டத்தின் முன் அதற்கு மதிப்பு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1956ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி இதைத் தெளிவாக வரையறுத்தது. பின்னர் மத்திய மின்சார ஆணையம் 2010இலும் 2023இலும் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதே வழியில் செல்கின்றன. மின் அமைப்பு வேலையை லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர் எடுக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் நேரில் மேற்பார்க்க வேண்டும். கம்பியைத் தொடுகிறவனிடம் மாநில சர்க்கார் வழங்கிய அல்லது அங்கீகரித்த அனுமதி இருக்க வேண்டும். பல்பு, மின்விசிறி, ப்யூஸ், சுவிட்ச் ஆகியவற்றை மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. புது வீட்டுக்கு வயரிங் செய்வது அந்த விலக்கில் வராது.

இதை மனதில் வைத்து ஒவ்வொரு காகிதத்தையும் எடை போட்டுப் பார்ப்போம்.

முதலாவது, ஐ.டி.ஐ. சான்றிதழ். எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு போதும். இரண்டுக்கும் பயிற்சி இரண்டு வருஷம். அதன் மேல் 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி முடித்தவருக்குத் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் கிடைக்கும். நாடெங்கும் செல்லுபடியாகும் காகிதம் இது. தொழிலின் அடிப்படையை முறையாகக் கற்பிப்பதும் இதுதான். இளைஞர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஆனால் குடும்பத்தைச் சுமக்கும் நாற்பது வயதுத் தொழிலாளி இரண்டு வருஷம் கூலியின்றிப் பள்ளியில் உட்கார முடியுமா?

இரண்டாவது, முன்கற்றலை அங்கீகரிக்கும் திட்டத்தின் சான்றிதழ். 2015இல் பிரதம மந்திரி திறன் வளர்ச்சித் திட்டத்தோடு வந்தது. சில நாள் வகுப்பு, ஒரு சோதனை, பிறகு சான்றிதழ். அனுபவசாலிக்கு இது ஓர் அடையாளம். கம்பெனி வேலை தேடும்போது உதவலாம். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு வயரிங் செய்யும் சட்டபூர்வமான உரிமை வந்துவிட்டது என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மூன்றாவது, நம் மாநிலத்து மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காதவருக்கு, கையால் கற்ற தொழிலாளிக்கு, திறந்திருக்கும் கதவு இதுவே. வயரிங் தொழிலில் ஐந்து வருஷ அனுபவமும் 21 வயது நிறைவும் கேட்கிறார்கள். வயதுக்கு மேல்வரம்பு இல்லை. நாற்பதிலும் ஐம்பதிலும் தேர்வு எழுதலாம். சட்டம் கேட்கும் அனுமதியின் பாதையில் இது முதல் படி. அதற்கு மேல் வயர்மேன், மேற்பார்வையாளர் என்று தகுதிச் சான்றுகளை வழங்குவதும், கான்ட்ராக்டர் லைசென்ஸ் கொடுப்பதும் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம்.

ஆகவே நமது யோசனை இதுதான்: வயது இருப்பவர் ஐ.டி.ஐ.க்குப் போகட்டும். வயது கடந்த அனுபவசாலி உதவியாளர் தேர்வை எழுதட்டும். பிறகு இருவரும் உரிம வாரியத்தின் சான்றை நோக்கிப் படியேறட்டும். தனியார் கடையில் டிப்ளமோவுக்குக் கட்டும் பணத்தில் ஒரு நல்ல மெக்கர் வாங்கலாம்! டெஸ்டர் எரிவது லைன் இருப்பதைக் காட்டும். எர்த் இருப்பதைக் காட்டாது. இன்சுலேஷன் குறைந்தது ஒரு மெகாஓம் நிற்கிறதா, 30 மில்லி ஆம்பியரில் ஆர்.சி.சி.பி. விழுகிறதா என்று அளந்து பார்த்த பிறகு வீட்டாரிடம் சாவியைக் கொடுக்கிறவனே உண்மையான தொழிலாளி. அந்தப் பழக்கம் எந்தக் காகிதத்துக்கும் மேலானது.

ஆனால் பிரச்னை இத்துடன் தீரவில்லை. தொழிலாளிக்குப் புத்தி சொல்லிவிட்டு சர்க்காரை விட்டுவிட நாம் தயாராக இல்லை.

வயர்மேன் சான்று பெற்றாலும் சொந்த லைசென்ஸ் கிடைத்துவிடாது. கான்ட்ராக்டர் ஆவதற்குத் தகுதி பெற்ற ஆட்களும் சோதனைக் கருவிகளும் காட்ட வேண்டும். ஒற்றை ஆள் எங்கே போவான்? முடிவில், புது இணைப்புக்கான சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட லைசென்ஸ்காரரைத் தேடி ஓடுகிறான். வேலை நடந்த வீட்டைக் கண்ணாலும் பாராமல், கையெழுத்துக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பேனாவை எடுப்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள் என்பது தொழிலில் உள்ள அனைவருக்கும் தெரிந்த ரகசியம். சுவரை உடைத்து பைப் புதைத்தவனுக்கு நாள் கூலி. பேனாவைப் பிடித்தவருக்குக் கமிஷன். விபத்து நடந்தாலோ, "அவன் என் தொழிலாளி அல்ல, சொந்தத் தொழில் செய்பவன்" என்று அவர் நழுவிவிடுகிறார். சொந்தத் தொழில் என்ற பெயரில் கூலியின் துன்பமும் முதலாளியின் பொறுப்பும் ஒரே தலையில் ஏற்றப்படுகின்றன. இதுவா சுதந்திரம்?

அனுபவச் சான்றின் கதையும் இதுதான். ஐந்து வருஷம் உழைத்ததை எழுதிக் கொடுக்க வேண்டியவர் அதே லைசென்ஸ்காரர். மேஸ்திரியிடம் வேலை பழகியவனுக்கு ரிஜிஸ்தர் ஏது, சம்பளச் சீட்டு ஏது? மூடிய ஆலையின் நிர்வாகமோ கடிதத்துக்குப் பதிலே போடுவதில்லை. தொழில் தெரிந்தவன் வெளியே நிற்கிறான். தொழில் தெரியாதவன் காகிதத்தோடு உள்ளே போகிறான். இதனால் பாதுகாப்பு வளராது.

சர்க்காரிடம் நாம் கேட்பவை வருமாறு:

1. உதவியாளர் தகுதிகாண் தேர்வைத் தாலுகா மக்களும் எளிதில் எழுதும்படி, உரிய முன்னறிவிப்போடு, வருஷத்தில் பல முறை நடத்த வேண்டும். வேலையிழந்த ஆலைத் தொழிலாளருக்கும் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினருக்கும் கட்டணம் கூடாது.

2. தொழிற்சங்கம் தரும் அனுபவச் சான்றையும் ஆலையின் பி.எப்., இ.எஸ்.ஐ. பதிவுகளையும் அனுபவத்துக்கு ஆதாரமாக ஏற்க வேண்டும்.

3. ஒவ்வொரு ஐ.டி.ஐ.யிலும் மாலை நேர வகுப்பு நடத்த வேண்டும். சோதனைக் கருவிகளைக் குறைந்த வாடகைக்குத் தர வேண்டும்.

4. பார்க்காத வேலைக்குக் கையெழுத்திடும் லைசென்ஸ்காரர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.

5. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் லைசென்ஸ் பெறுவதைச் சுலபமாக்க வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கைக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை; இன்றே வேலையைத் தொடங்கலாம். ஓர் ஊரில் பத்து வயர்மேன்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மற்றவர்கள் சேர்ந்து மேற்பார்வையாளர் தேர்வுக்குத் தயார் செய்யட்டும். ஒரு மெக்கரையும் எர்த் டெஸ்டரையும் பங்கு போட்டு வாங்கட்டும். லைசென்ஸ் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். தனித்தனியாகக் கையெழுத்துக்கு அலைந்த பத்துப் பேர், சேர்ந்து நின்றால் தாமே கையெழுத்திடலாம். 1994இல் அமைக்கப்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் மின்பணியாளரும் பதிவு செய்யலாம் என்பதையும் தோழர்கள் மறக்க வேண்டாம்.

வீட்டுக்கு வீடு ஒளி ஏற்றுகிறவன் தன் பெயரைத் தானே எழுத முடியாமல் இருட்டில் நிற்கக் கூடாது. வேலை யாருடையதோ, கையெழுத்தும் அவனுடையதாக வேண்டும். அதைத் தனியாள் வாங்கிவிட முடியாது, சங்கம் வாங்கும். சேருங்கள், தோழர்களே!