உறைந்த எண்ணெயும் மாஜரினும்

நுவரெலியாக் குளிரில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்துவிடும். வன்னியிலிருந்து வந்து எங்கள் லயத்தில் தங்கிப் பேட்டிஸ், ரோல்ஸ் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் சகோதரி, "அக்கா, மாஜரினும் இப்படித்தானே?" என்று கேட்டார்.

இல்லை. தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே தானாக உறையும், சூட்டில் உருகும். அதன் தன்மை மாறுவதில்லை. தொழிற்சாலையில் நடப்பது வேறு. மூடிய பெரிய கலனில் திரவ எண்ணெயை 150 பாகைக்கு மேல் சூடாக்கி, நுண்ணிய நிக்கல் தூள் கலந்து, அழுத்தத்தில் ஐதரசன் வாயுவைச் செலுத்துவார்கள். நிக்கல் வெறும் ஊக்கிதான். பிறகு வடித்தெடுத்து விடுவார்கள். ஐதரசன் எண்ணெயோடு சேர்ந்து அதைக் கெட்டியாக்கும். ஜெர்மனியரான வில்ஹெல்ம் நோர்மன் 1901 இல் கண்ட வழி இது. இந்தியாவின் டால்டாவும் 1930களில் இப்படித்தான் வந்தது.

ஐதரசனேற்றத்தைப் பாதியில் நிறுத்தினால் டிரான்ஸ் கொழுப்பு மிஞ்சும். இருதயத்திற்கு அது பெருங்கேடு. டென்மார்க் 2003 இலேயே கட்டுப்படுத்தியது. இந்தியா 2022 இல் 2 சதவீதமாகக் குறைத்தது. இன்று பல கம்பனிகள் மாஜரினை வேறு முறையில் செய்கின்றன. ஆகவே பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், லேபலைப் பாருங்கள். "பகுதி ஐதரசனேற்றிய எண்ணெய்" என்றிருந்தால் வாங்காதீர்கள். நிறுத்து விற்கும் லேபல் இல்லாத மாஜரினையும் தவிருங்கள். தேங்காயெண்ணெயிலும் நிறைகொழுப்பு அதிகம்தான், அளவோடு ஊற்றுங்கள்.